மேல்குரல் வராத பாட்டு

1

இந்தக் கதை லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டதால் வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் நான் குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்தில், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே நாற்பது நிமிடம் தொங்கிக்கொண்டிருந்தேன். மேலே இயந்திர அறையில் மெக்கானிக் ரிப்பேர் பார்த்தபடி பாடிக்கொண்டிருந்தான். கனத்த குரல். மூன்று நான்கு சுரங்களுக்குள்ளேயே போய் வந்துகொண்டிருந்தது.

"என்ன பாட்டு அது?" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"இது அடிக்குரல் டாக்டர். மேல்குரல் இல்லாம உங்களுக்கு அடையாளம் தெரியாது."

"அப்ப அதையும் கொஞ்சம் பாடேன்."

"அது என் வேலை இல்லை."

அவன்தான் மல்ஹாஸ். ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் கிளம்பியதும் ஆறாம் மாடியில் என்னிடம் கையெழுத்து வாங்கும்போது இன்னொன்றும் சொன்னான். நண்பன் ஓதியாவின் மகள் கல்யாணத்தில் ஒரு பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டானாம். எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரக்பி மைதானம், தேசிய கீதம், நாற்பதாயிரம் பேர் எல்லாம் நான் சேர்த்தது. அந்த மனிதனைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்தாமல் எனக்குக் கதை நகரவில்லை. (அவனுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்தான்.)

2

தொடக்கங்கள்:

"கறுப்புச் சோக்கா அங்கியில், மார்பில் தோட்டா உறைகள் வரிசையாக மின்ன, மல்ஹாஸ் கம்பீரமாக"

கம்பீரமாவது! அவனுக்குச் சோக்காவின் கொக்கியே மாட்டவில்லை. அடித்துவிட்டேன்.

"அன்று மத்க்வாரி ஆற்றின் மேல் மேகங்கள்"

ஆற்றுக்கும் மேகத்துக்கும் இந்தக் கதையில் வேலையில்லை. இதுவும் வேண்டாம். நேராக வீட்டுக்குள் போகிறேன்.

மல்ஹாஸின் மனைவி லாமாரா அவன் சோக்காவுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். போன வருடத்தைவிட இடுப்பு இரண்டு விரல் கூடியிருந்தது.

"வயித்த உள்ள இழு. ஓதியா வர்றானா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"வருவான்."

"அவன்கிட்டப் பேசினியா?"

"ராமினிகிட்டச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"ராமினி போலந்துல லாரி ஓட்டிக்கிட்டிருக்கான்யா!"

"போலந்துல ஃபோன் இல்லையா என்ன?"

லாமாரா பல்லால் நூலை அறுத்தாள். "ராமினிக்கு லீவு கிடைக்கலைன்னு முந்தாநாளே தெரியும். ஓதியா வாயைத் திறந்து வரேன்னு சொல்லலை. நீ மட்டும் அந்த ரக்பிக்காரங்ககிட்ட தேசிய கீதம் பாட மூணு பேரும் வர்றோம்னு சொல்லியிருக்க. உனக்குக் கிறுக்கா?"

"ரெண்டு பேர் போதும். மேல ஓதியா, கீழ நான். பாட்டு நிக்கும்."

"அவன் வரலைன்னா?"

மல்ஹாஸ் சட்டைப் பையிலிருந்த ஃபோனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அன்று காலை பதினேழாவது தடவை. (எண்ணியவன் நான்.)

3

அந்தச் சண்டையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இருபத்திரண்டு வருடமாக மூவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஓதியா மேல்குரல். ராமினி நடுக்குரல். மல்ஹாஸ் அடி. கல்யாணப் பந்தியில் பெண்ணின் அப்பா ஓதியா, ஏழெட்டுக் கோப்பை திராட்சை மது உள்ளே போன சந்தோஷத்தில், சம்பந்தி வீட்டாருக்கு நண்பர்களை அறிமுகப்படுத்தினான். "இவன் மல்ஹாஸ், அடிக்குரல். அடிக்குரலுக்கு ஆளா பஞ்சம்? சுவத்தைப் பிடிச்சுத் தட்டினா அதுவே பாடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மல்ஹாஸும் சிரித்தான். பாட்டு தொடங்கியது. மூன்றாவது அடியில் ஓதியா உச்சிக்கு ஏறி நின்றபோது, மல்ஹாஸ் வாயை மூடினான். தொப்பியை எடுத்தான். எழுந்து போய்விட்டான்.

ராமினிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓதியாவின் குரல் அந்தரத்தில் நின்று, ஆடி, உடைந்தது. சம்பந்தி வீட்டார் தட்டைப் பார்த்தார்கள். மணப்பெண் நீனோ அப்பாவைப் பார்த்தாள்.

(இந்த ஊரில் விருந்தைவிட்டு எழுந்து போகலாம், வேலையைவிட்டுப் போகலாம், கட்சியைவிட்டுப் போகலாம். பாட்டைவிட்டு மட்டும் போகக் கூடாது.)

ஓதியாவை வில்லனாக்கிப் பார்த்தேன். முடியவில்லை. அவன் மகளைக் கட்டிக்கொடுக்கும் பதற்றத்தில் உளறிய மனிதன். மல்ஹாஸை நல்லவனாக்கவும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்க எட்டு மாதம் இருந்தது, கேட்கவில்லை. ஓதியாவின் கட்டடத்து லிஃப்ட்டும் மல்ஹாஸின் பொறுப்பில்தான் வருகிறது. அவன் ரிப்பேர் செய்த லிஃப்ட்டில் கால் வைக்க மாட்டேன் என்று ஓதியா தினமும் ஏழு மாடி ஏறுகிறான். மூட்டுவலியோடு. இரண்டு பேருக்கும் வீம்புக்குக் குறைச்சலில்லை.

4

ஆட்டம் ருமேனியாவோடு. வீரர்கள் வெளியே வரும் குகைவழியில் மல்ஹாஸ் நின்றான். மைதான ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஹதுனா என்ற பெண், கையில் வாக்கிடாக்கியோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, மத்த ரெண்டு பேர் எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா. திதூபே பக்கம் டிராஃபிக்."

"பன்னெண்டு நிமிஷம்தான் இருக்கு!"

"அது டிராஃபிக்குக்குத் தெரியுமா?"

"விளையாட்டுப் பேச்சு வேணாம்ணே, எனக்கு நெஞ்சு அடைக்குது. பேசாம ரெக்கார்டு போட்டுடவா? நீங்க கௌரவமா வீட்டுக்குப் போயிடலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மல்ஹாஸ் சரி என்று சொல்லியிருந்தால் எனக்கும் நிம்மதி. அவன் சொல்லவும் வாயெடுத்தான். அப்போதுதான் மேற்குப் பக்கம் பார்த்தான்.

பதினான்காம் வரிசையில் ஓதியா உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நீனோ, மருமகன். தனியாக டிக்கெட் எடுத்து, பார்வையாளனாக வந்திருந்தான். சாதாரணக் கோட்டு. கழுத்தில் சிவப்புக் கம்பளித் துண்டு. கையில் பொட்டலம் பிரித்த சூரியகாந்தி விதை.

(கோட்டுக்குள்ளே சோக்காவின் கறுப்புக் கழுத்துப்பட்டி தெரிந்தது என்று எழுதினேன். அடித்தேன். அது என் ஆசை. அந்தத் தூரத்திலிருந்து மல்ஹாஸுக்குக் கழுத்துப்பட்டியெல்லாம் தெரியாது.)

பாட வரவில்லை. நான் எப்படித் தவிக்கிறேன் என்று பார்க்க வந்திருக்கிறான். மல்ஹாஸ் அப்படித்தான் நினைத்தான். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அதற்கடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. என்ன இருந்தாலும் வந்திருக்கிறான்.

"ரெக்கார்டு வேணாம்மா," என்றான்.

"அப்ப அவங்க?"

"ஒருத்தன் வந்துட்டான்."

5

புல்தரையில் மூன்று ஒலிவாங்கிகள். மல்ஹாஸ் பழக்கதோஷத்தில் வலது ஓரத்துக்குப் போய் நின்றான். நடுவிலிருப்பது ஓதியாவின் இடம். அதில் போய் நிற்க அவனுக்குத் தோன்றவே இல்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே ஹதுனா நடுவே போகச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினாள். அவன் பார்க்கவில்லை.

ருமேனியாவின் கீதம் முடிந்தது. ஒலிபெருக்கி, எல்லாரும் எழுந்து நிற்குமாறு கேட்டது. நாற்பதாயிரம் பேர் எழுந்தார்கள். வீரர்கள் தோளோடு தோள் பிடித்து நின்றார்கள்.

மல்ஹாஸ் காத்திருந்தான். எதற்கு? மேல்குரல்தான் எடுத்துக்கொடுக்கும். அடி அதற்குக் கீழே போய்ச் சேரும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவன் பாட்டைத் தொடங்கியதில்லை. ஐந்து நொடி. ஒன்பது நொடி. பன்னிரண்டு. எங்கோ ஒரு குழந்தை இருமியது.

"மேல்குரலைத்தான் பாடித் தொலையேன்யா," என்று நானே அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

அது என் வேலை இல்லை என்றான்.

தொடங்கினான். தன் பங்கை மட்டும்.

6

இனி வருவதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்ற பயம் எனக்கு உண்டு. பத்தொன்பது வருடம் இந்த ஊர்க்காரர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

கிழக்குப் பக்கம் இரண்டு பேர்:

"என்ன பாட்டுடா இது?"

"நம்ம கீதம்தான்டா மடையா. அடிக்குரல்."

"மேல யாரையும் காணோமே?"

"மைக் மக்கர் பண்ணுது போல. இதோ சேர்ந்துக்குவாங்க. அதுவரைக்கும் அந்த ஆளைத் தனியா விடாதே, அடியைப் பிடி."

பிடித்தார்கள். பக்கத்து வரிசையும் பிடித்தது. யாராவது அடி பாடினால் சும்மா உட்கார்ந்திருக்க இவர்களுக்குத் தெரியாது. கூடப் பாடுவதென்றால் அடியில்தான் சேருவார்கள். மேல்குரல் இன்னொருவனுடைய நாற்காலி. அழைக்காமல் அதில் போய் உட்காருவது அநாகரிகம். கிழக்கு, வடக்கு, கோல் கம்பத்துக்குப் பின்னால் பீரோடு நின்றவர்கள், கடைசியில் பதினைந்து வீரர்களும் தொண்டையை இறக்கி அதே மூன்று சுரத்தைப் பிடித்தார்கள்.

ஒரு தேசமே அடிக்குரல் பாடியது. கீதத்தின் மெட்டைப் பாட ஒரு ஆள் இல்லை. எல்லாரும் நடுவிலிருந்த வெறும் ஒலிவாங்கியைப் பார்த்தபடி, அவன் வருவான் என்று மரியாதையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். ருமேனியக் கேப்டன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

மல்ஹாஸுக்குத் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. இத்தனை பேர் தாங்கிப் பிடித்தும் மேலே ஒன்றுமில்லை. பந்தியில் தன் நண்பன் எந்த நிலையில் நின்றிருப்பான் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஓதியாவுக்குக் காலடியில் ஒன்றுமில்லாமல் போனது. அதுவும் மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. வெட்கம் தாங்காமல் அவன் கண் நிறைந்தது.

மூன்றாவது அடி வந்தது.

7

முடிவுகள்:

(அ) ஓதியா எழுந்து, விதைப் பொட்டலத்தை மருமகன் கையில் கொடுத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே உச்சியை எடுக்கிறான். இதை எழுதிவிட்டு அழுதேன். நான் எழுதியதைப் படித்து நானே அழுதால் அதை நம்பக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

(ஆ) நீனோ பாடுகிறாள். உடைந்தது அவள் கல்யாணத்துப் பாட்டு. அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அப்பாவின் முகத்தை அவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்வரை வாயைத் திறக்க

(இ) ஹதுனா பயந்துபோய் ரெக்கார்டைப் போட்டுவிடுகிறாள். வாத்தியங்கள் எல்லாவற்றையும் மூழ்கடிக்கின்றன. ஆட்டம் தொடங்குகிறது. நடக்கக்கூடியது இதுதான். இதனால்தான் எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

எதையும் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவது அடியில், எட்டு மாதத்துக்கு முன் வாயை மூடிய அதே இடத்தில், மல்ஹாஸ் மேற்குப் பக்கம் திரும்பினான். பதினான்காம் வரிசையைப் பார்த்தான். இந்தத் தடவை வாயை மூடவில்லை. அடுத்த அடிக்கும் போகவில்லை. அந்த அடியையே மறுபடி பாடினான். மறுபடியும். வரவேண்டியவன் வரும்வரை அடிக்குரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். அதற்கு இலக்கணத்தில் இடமுண்டு. நாற்பதாயிரம் பேரும் அவனோடு சுற்றினார்கள். மன்னித்துவிடு என்று சொல்ல அந்த மனிதனுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஹதுனாவின் விரல் பொத்தானுக்கு மேலே இருக்கிறது. ஓதியா விதை கொறிப்பதை நிறுத்திவிட்டான். கழுத்துத் துண்டைத் தளர்த்துகிறான். புழுக்கமாக இருந்திருக்கலாம். எழுந்து போகவும் இருக்கலாம்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நேற்றும் மல்ஹாஸ் வந்து எங்கள் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனான். ஓதியா இன்னும் ஏழு மாடி ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். எனக்கு எட்டுவது அடிக்குரல்தான். அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவர்களோடு சேர்ந்து, இந்தப் பக்கத்தின் அடியில். நடு ஒலிவாங்கி காலியாக இருக்கிறது. மேல்குரல் பாட உங்களை அழைக்கிறேன், ஆகவே அநாகரிகம் இல்லை.

மூன்றாவது அடி. மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள்.

(                                        )