கண்டக்டரய்யா ஏறினால் எரியும் விளக்கு

எங்கள் தேயிலை எஸ்டேட் டீசல் பிக்கப்புக்கு என் வீட்டுக்காரர்தான் டிரைவர். முழு டிரைவர் இல்லை. ஆறு மாதம் ஓட்டட்டும், சரியாக இருந்தால் நிரந்தரமாகப் பேர் பதியலாம் என்று மேனேஜர் தொரை சொல்லியிருந்தார். பேர் பதிந்தால் இப்போது இருக்கிற லயத்து வரிசை வீடு எங்களுக்கே. பதியாவிட்டால் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டும். எங்கே கிளம்புவது? பிறந்த சிலோன் எங்களை வேண்டாம் என்றுவிட்டது. கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, தேவர்சோலைக்கு மேலே இந்த மலையில் இப்போதுதான் அடுப்பு மூட்டியிருக்கிறேன். இன்னொரு தடவை சட்டிபானையைத் தூக்கச் சொன்னால், தூக்குகிறவள் நான் இல்லை என்று அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பாழாய்ப்போன சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் இருக்கும். எஞ்சினுக்குள் ஆயில் சரியாக ஓடவில்லை என்றால் எரியுமாம். எரிந்த பிறகும் ஓட்டினால் எஞ்சின் இறுகிப்போய், தொரைக்குப் பெரிய செலவு வைத்துவிடும். அதனால் எரிந்தவுடன் இவர் வண்டியை நிறுத்துவார், மழையில் இறங்கி மூடியைத் திறப்பார், ஆயில் கம்பியை உருவிப் பார்ப்பார். ஆயில் நிறைய இருக்கும்.

முன்சீட்டில் வருகிறவர் கண்டக்டரய்யா ஆறுக்குட்டி. பஸ் கண்டக்டர் இல்லை, மலையில் கொழுந்து பறிக்கும் எங்களையெல்லாம் மேய்க்கிற உத்தியோகஸ்தர். வண்டி நின்றதும் குடையை எடுத்துக்கொண்டு அவரும் இறங்குவார். பின்னால் கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே நாங்கள் பத்துப் பெண்கள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

"ஏப்பா சிலோன்காரா, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா, இல்ல தள்ளத்தான் தெரியுமா?"

"ஆயிலு சரியாத்தான் இருக்குங்கய்யா. லைட்டு ஏன் எரியுதுன்னுதான் வெளங்கல."

"நீ வெளங்கிப்போட்டு வா. நான் நடந்தே போறேன்."

அவர் குடையை விரித்துக்கொண்டு கோபமாக நடப்பார். இவர் மறுபடி எஞ்சினைப் போட்டால் விளக்கு அணைந்திருக்கும்! வேறு வழியில்லாமல் வண்டியைக் கிளப்பி, அடுத்த வளைவில் கண்டக்டரய்யாவைப் பிடிப்போம். அவர் ஏறுவார். கொஞ்ச தூரம் போனதும் விளக்கு எரியும். மறுபடி நிறுத்தம், மறுபடி நடை. இந்தக் கூத்தைப் பார்த்துப் பின்னால் என்னோடு கொழுந்து பறிக்கிற பொன்னாயி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அவள் வாயில் மண்ணைப் போடலாமா என்று எனக்கு வந்தது.

தேவர்சோலை மெக்கானிக் அய்யாவு ஆயிலை மாற்றினார், பில்டரை மாற்றினார், விளக்குக்குக் கீழே இருக்கிற சுவிட்சையும் மாற்றினார். "ஒரு கொழப்பமும் இல்லா, தைரியமா ஓட்டு," என்றார். வீடு வரைக்கும் எரியவில்லை. மறுநாள் கண்டக்டரய்யா ஏறினார், எரிந்தது. பேக்டரியில் எஞ்சின் பார்க்கிறவர், கீழ்நாட்டு எஞ்சினுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பொன்னாயி எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாள். கட்டினோம். எலுமிச்சம்பழமும் ஆடியது, விளக்கும் எரிந்தது.

கண்டக்டரய்யா தொரையிடம் போய்விட்டார். "வேணும்னே என்னை எறக்கி நடக்க வெக்கிறானுங்க. நான் எறங்குனா லைட்டு அணையுதாம், ஏறுனா எரியுதாம். இவனுக்குப் பேரு பதிஞ்சா நான் இந்த வண்டியில ஏற மாட்டேனுங்க."

நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன், விளக்கு எரிந்தால் டிரைவர் ஊருக்குப் போகலாம் என்று தொரை சொல்லிவிட்டார். எந்த ஊருக்கு என்று அவரிடம் யார் கேட்பது? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இவரோ தட்டை வழித்துச் சாப்பிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் தொரை முன்சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டரய்யா எங்களோடு பின்னால் ஏறி, மூட்டைமேல் குந்தினார். டிரைவர் தலைக்குப் பின்னால் கண்ணாடி உடைந்த ஒரு ஜன்னல் உண்டு. மழைக்காகச் சாக்கைத் தொங்க விட்டிருப்போம். நான் சாக்கை ஒதுக்கி, தலையை உள்ளே நீட்டிக்கொண்டேன். பேக்டரி வரை ஒரே பார்வையாக அந்த விளக்கையே பார்த்தேன். எரியவில்லை.

"எங்கே லைட்டு?" என்றார் தொரை.

"நான் உக்காந்தாத்தானுங்க எரியும்!"

"அப்போ வந்து உட்காரு."

தொரை இறங்கி, எஞ்சின் ஓட ஓட, டிரைவர் பக்கத்துக் கதவோரம் நின்றார். கண்டக்டரய்யா ஏறினார். ஏறினதும் வழக்கம்போலக் குடையை, முழங்காலுக்கு முன்னால் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர்க் கொத்தில் மாட்டினார். நனைந்த குடை, நல்ல கனம். ஒயர் இழுபட்டு, தோல் தேய்ந்த இடம் இரும்பில் போய் ஒட்டியது. பளிச்சென்று சிவப்பு!

"இறங்கு," என்றார் தொரை. குடையோடு இறங்கினார். அணைந்தது.

"ஏறு." எரிந்தது.

"இறங்கு." அணைந்தது. பேக்டரியிலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தொரை விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஆறுக்குட்டி, உனக்கும் இந்த வண்டிக்கும் ராசி இல்லை. நீ இனிமே பின்னாலே போ. ராஜரத்தினம், உன் பேரை நாளைக்கே பதியச் சொல்றேன்."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் மனுஷனைப் பார்த்தால் அவர் கண் குடைமேல் இருக்கிறது. அவரும் பார்த்துவிட்டார். அரிச்சந்திரனுக்குத் தம்பி! வாயைத் திறக்கிறார்.

"தொரை, அது வந்து, குடை..."

ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பிடரியில் ஒரு கிள்ளு கிள்ளினேன். "ஆ!" என்றார். தொரை அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே பேர் பதிந்தாயிற்று. அதற்கப்புறம் தினமும் கண்டக்டரய்யா எங்களோடு பின்னால் நனைந்தார். அவருக்குச் சனி பிடித்திருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டது. இவருக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் வந்தார். நான் முறைத்த முறைப்பை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

"அய்யா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க ராசியில ஒண்ணும் இல்ல. குடையை ஒயர்ல மாட்டுறீங்க, அதான் எரியுது. டேப்பு சுத்திட்டேன். முன்னால வாங்க. நானே தொரைகிட்டச் சொல்லிர்றேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்டக்டரய்யா குடையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வாயைப் பொத்திச் சிரிக்கிற பொன்னாயியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஏப்பா, உனக்குப் புண்ணியமாப் போகுது, தொரைகிட்ட வாயத் தொறந்துபோடாதே. சனி புடிச்சவன்னா ஊரே பாவம்னு பாக்குது. தொரையே ரெண்டு தடவை கேட்டுப்போட்டாரு, இப்ப எப்படி ஆறுக்குட்டின்னு. குடை மாட்டத் தெரியாதவன்னு தெரிஞ்சா என்ற ஊட்டுக்காரிகூட மதிக்க மாட்டா. எனக்குச் சனியே இருக்கட்டும். நீ போயி வண்டிய எடு."

சொன்னதோடு விடவும் இல்லை. சனிக்கிழமை ஊரெல்லாம் பார்க்கக் கோயிலுக்குப் போய் எள்ளு விளக்குப் போட்டார். பக்கத்திலேயே என் வீட்டுக்காரரும் நின்று, கண்டக்டரய்யாவுக்குச் சனி சீக்கிரம் விலகட்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி வேண்டிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அந்த ஒரு பொய்யைத் தடுமாறாமல் சொன்னார்.