கட்டிலோர லாப்டாப்

கணவர் ஜெகநாதனின் நுரையீரல் இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன அதே வாரத்தில்தான், வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரே போதுமா, புதிதாக லாப்டாப் வாங்குவதா என்ற கேள்வியும் நீலாவின் முன்னால் வந்து நின்றது. வேறு சமயமாக இருந்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் முடித்துவிட்டு வந்திருப்பார்கள்.

நீலா வீட்டிலிருந்தபடியே வரைபட வேலை பார்த்தாள். விண்ணிலிருந்து எடுத்த படங்களில் தெரியும் சாலைகள் மேலும் கூரைகள் மேலும் கோடு இழுக்க வேண்டும். எந்த நாடு, எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு வீட்டின் படுக்கையறை மூலையில் இரண்டு பெரிய மானிட்டர்களை வைத்து உட்கார்ந்தால், ஒரு பகலில் ஒரு சின்ன ஊரையே முடித்துவிடுவாள். ஜெகநாதன் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். நுரையீரல் எதனால் இப்படி இறுகிப்போனது என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதில் தொடங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆக்ஸிஜனும் இல்லாமல் முடியாது என்கிற இடத்துக்கு வந்திருந்தது.

நீலா வீட்டில் வேலை பார்த்தால் அவர் பகலெல்லாம் தனியாகக் கிடப்பார். ஆஸ்பத்திரியில் இருந்தால் வேலை நின்றுவிடும். லாப்டாப் இருந்தால் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று டீம் லீடர் ஒப்புக்கொண்டார். தினசரிக் கணக்கு மட்டும் குறையக் கூடாது.

மகள் ஹம்ஸினிக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. வாரங்கல் காலேஜிலிருந்து வந்திருந்தவள், தெலுங்கும் தமிழுமாக அடித்துச் சொன்னாள். "லாப்டாப்பே தீஸ்கோ மம்மி, வாங்கிடு. டாடி பக்கத்துலயே இருக்கலாம் கதா? இதுல திங்க் பண்ண என்ன இருக்கு?"

ஜெகநாதன் வேண்டாம் என்றார். மாஸ்க்கை மூக்கிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"வீட்ல இருக்கறதே இருக்கட்டும் நீலா. வேலைய முடிச்சுப்போட்டு சாயங்காலம் வா. வந்தீன்னா சும்மா உக்காரு, போதும்."

"பகலெல்லாம் ஒத்தையில கெடப்பீங்களா?"

"கெடக்கறேன். அதுக்கென்ன."

நோயாளியின் வீம்பு என்று நீலா எடுத்துக்கொண்டாள். தன்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்றும் நினைத்தாள். மறுநாளே ஹம்ஸினியோடு போய் லாப்டாப் வாங்கி வந்தாள்.

முதல் சில நாள் நன்றாகத்தான் போனது. கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, மடியில் தலையணையும் அதன்மேல் லாப்டாப்புமாக உட்கார்ந்தாள். ஜெகநாதன் ஒருக்களித்துப் படுத்துத் திரையைப் பார்த்தார்.

"அது ரோடு இல்ல நீலா, வாய்க்கா. கரையில மரம் தெரியுது பாரு."

"அட, ஆமாங்க."

"பொள்ளாச்சிப் பக்கமா இருக்குமோ?"

"யாரு கண்டா. ஆப்பிரிக்காவாக் கூட இருக்கும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நிற்க வெகுநேரம் ஆனது. ஆனாலும் அன்று அவர் முகத்தில் தெளிவு இருந்தது. நல்ல முடிவுதான் எடுத்தோம் என்று நீலா நிம்மதியானாள்.

ஆனால் சின்னத் திரையில் கைவேகம் வரவில்லை. பெரிய மானிட்டரில் ஒரே பார்வையில் தெரிவதை இங்கே பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி சிறிதாக்கித் தேட வேண்டியிருந்தது. கணக்கு குறைந்தது. டீம் லீடரின் குரல் மாறியது. நீலா சாப்பிடும்போதும் வேலை பார்த்தாள், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன மறுநிமிஷமே லாப்டாப்பைத் திறந்தாள். ஜெகநாதன் ஏதாவது சொன்னால் "ம்" என்பாள். என்ன சொன்னார் என்று பிறகு யோசித்தால் நினைவுக்கு வராது. அவரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒருநாள் அவராகவே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர்லயே வேலை பாத்திருந்தா, வர்றப்ப நீ முழுசா வந்திருப்பே."

நீலாவுக்குச் சுருக்கென்றது. முதுகுவலியும் கண்ணெரிச்சலும் டீம் லீடரின் பேச்சும் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டன. "யாருக்காக வாங்குனேன் இத? எனக்கு ஆசையா? பக்கத்துலயே இருக்கறேன், அதுவும் பத்தலையா உங்களுக்கு?"

ஜெகநாதன் மாஸ்க்கைச் சரியாகப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

பக்கத்துக் கட்டிலில் நூர் முகமதுவின் அண்ணன் படுத்திருந்தார். நூர் முகமது ஜஹீராபாத்தில் டயர் கடை வைத்திருப்பவன். முப்பது வயதிருக்கும். நீலா வேலையில் மூழ்கியிருக்கும்போது ஜெகநாதனுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வந்து வைப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஜெகநாதனுக்கு உருது அரைகுறைதான். இருந்தாலும் இருவரும் ஏதோ பேசிக்கொள்வார்கள்.

அன்று மதியம் மீட்டிங். அந்த வார வேலையை அன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். நீலா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, டீம் லீடர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பிழையாகத் திருத்திக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமலிருக்க அப்படி உட்காருவது பழக்கமாகியிருந்தது.

தோளை யாரோ தொட்டார்கள். நூர் முகமது.

"அம்மா, பாய்சாப் ஆப்கு புலாரே."

அவர் கூப்பிடுகிறார் என்பது புரிந்தது. நீலா திரும்பிப் பார்த்தாள். ஜெகநாதன் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. ஹெட்போனில் டீம் லீடர் அவள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார். நீலா ஜெகநாதனிடம் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு நிமிஷம்.

மீட்டிங் முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது அவர் கண் செருகிக் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கூப்பிட்டதற்கு அசைவில்லை. நர்ஸ் ஓடிவந்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். கட்டிலையே தள்ளிக்கொண்டு ஐசியூவுக்குப் போனார்கள். தொண்டையில் குழாய் போட்டார்கள். ஹம்ஸினி வாரங்கலிலிருந்து வந்து சேர்ந்த மறுநாள் அவர் போய்விட்டார். கடைசிவரை கண் விழிக்கவில்லை.

அவரைக் கொண்டுபோக வண்டிக்குக் காத்திருந்தபோது, நீலா வார்டுக்குப் போய் நூர் முகமதுவைத் தேடிப் பிடித்தாள்.

"அன்னைக்கு அவரு என்ன சொன்னாரு? க்யா போலே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தமிழில் சொன்னார் அம்மா, எனக்குப் புரியவில்லை என்றான் அவன் பாஷையில். ரெண்டு மூணு தடவை சொன்னாராம். நீங்கள் திரும்பாததால்தான் நான் வந்து தொட்டேன் என்றான். அப்புறம் நினைவைக் கூட்டி, ஒரு வார்த்தையைத் தடவித் தடவிச் சொன்னான்.

"கொஞ்சம்… கொஞ்சம், ஐசா குச் போலே."

"வேற?"

"ஔர் யாத் நை அம்மா." வேறு எதுவும் நினைவில்லை என்று தலையசைத்தான்.

கொஞ்சம் தண்ணியா? கொஞ்சம் இங்க வாவா? கொஞ்சம் நர்ஸைக் கூப்பிடு என்பதா? அந்த வார்த்தைக்குப் பின்னால் எதை வைத்தாலும் பொருந்தியது. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை அவள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். வேலைக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டு டீம் லீடரிடமிருந்து மெசேஜ் வந்தது. நீலா படுக்கையறை மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்தாள். லாப்டாப்பைப் பையோடு ஹம்ஸினியின் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு எதுக்கு மம்மி? உனக்கு வேணாமா?"

"எனக்கு இது போதும். நீ ஹாஸ்டலுக்குக் கொண்டுபோ."

ஹம்ஸினி பையைத் தொடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொன்னது நல்லதாப் போச்சு கதா மம்மி? லாப்டாப் இருந்ததாலதான் நீ டாடிகூடவே இருந்த. நான் அங்க ஹாஸ்டல்ல அத நெனச்சு நெனச்சுத்தான் தைரியமா இருந்தேன்."

நீலா கையிலிருந்த துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"லாஸ்ட்ல டாடி ஏமன்னாரு? என்ன சொன்னாரு?"

நடந்ததை அப்படியே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அது தன்னோடு நிற்காது, வாங்கச் சொன்னவள் தலையிலும் பாதி ஏறும், பத்தொன்பது வயதில் அதைச் சுமந்துகொண்டு வாரங்கலுக்குப் பஸ் ஏறுவாள் என்றும் தோன்றியது.

"கொஞ்சம் தண்ணி கேட்டாரு," என்றாள் நீலா. "குடுத்தேன். குடிச்சாரு."

ஹம்ஸினியின் கண்ணில் நீர் நிறைந்தது. ஆனால் முகம் இளகியது. இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம்?"

அவள் இதற்கு மேலும் கேட்பாள் என்று நீலா நினைத்திருக்கவில்லை.

"அப்பறம் உன்னையப் பத்திக் கேட்டாரு," என்று சொல்ல ஆரம்பித்தாள்.