மந்தமான ஈஸ்ட்டுக்கு ஒரு சிட்டிகை

1

இந்தக் கதை செஞ்சியில் பன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. கதை தேடியெல்லாம் போகவில்லை, பசிதான்.

முதல் தொடக்கம்: "ராஜகிரிக் கோட்டையின் மேல் சூரியன்..." வேண்டாம். செஞ்சியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் முதல் வரியிலேயே கோட்டை ஏறிவிடுகிறார்கள். எனக்கு மூச்சு வாங்கும்.

இரண்டாவது: "ஈஸ்ட் செல்லின் உட்கருவுக்குள் ஒரு புரதம்..." இதற்கு நீங்களே எழுந்து போய்விடுவீர்கள்.

சரி, மாஹிரா. பேக்கரி ஜகபர் அலியின் மகள். அவர் ஈஸ்ட்டை வைத்து பன் போடுகிறார். இவள் சென்னையில் அதே ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் கூட்டத்துக்கு பன் போட்டு மாளாது என்பதால், அத்தாவுக்கு ஒத்தாசையாக ஊருக்கு வந்திருந்தாள்.

2

அவள் ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன், ஓடாதீர்கள். ஒரு மரபணுவின் வாசலில் ஒரு புரதம் 'ஆரம்பி' என்று சொல்லத் தயாராக உட்கார்ந்திருக்கும். இன்னொரு புரதம் அதன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். கேலக்டோஸ் என்ற சர்க்கரை உள்ளே வந்தால், மூன்றாவது புரதம் ஒன்று பொத்தியவனைப் பிடித்து இழுக்கும். மரபணு வேலையைத் தொடங்கும். அதற்கு அடையாளமாக மாஹிராவின் தட்டில் ஈஸ்ட் நீலமாகும்.

(பக்கத்தில் குளுக்கோஸ் இருந்தால் இதெல்லாம் நடக்காது. சுடச்சுடச் சோறு இருக்கையில் யார் அடுப்பு மூட்டுவார்கள்? இந்த அடைப்புக்குறியை மறந்துவிடாதீர்கள்.)

முதல் புரதத்தில் அவள் சின்னதாக ஒரு மாற்றம் செய்தாள். அந்த ஈஸ்ட் நீலமாகவே இல்லை. மாற்றிய அந்த இடம்தான் புரதத்தின் உயிர்நிலை என்று ஆய்வு வழிகாட்டி பூங்குழலி மேடம் துள்ளிக் குதித்தார். திங்கட்கிழமை கருத்தரங்கில் மாஹிரா இதைச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய அவளுக்குக் கிடைக்கப்போகும் இடம் இந்த ஒரு முடிவை நம்பித்தான் இருக்கிறது.

3

"ஈஸ்ட்டு இன்னும் நொரைக்கல. ஸ்பெஷல் பஸ்ஸுங்க வந்துனே இருக்குது, இன்னாம்மா பண்றே?" என்றார் ஜகபர் அலி.

"தோ அத்தா, மந்தமா இருக்குது."

அவள் கை தானாகப் போய் ஒரு சிட்டிகை சர்க்கரையை அள்ளி வெதுவெதுப்பான நீரில் போட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

ஆய்வகத்திலும் இதைத்தான் செய்திருந்தாள். மாற்றிய ஈஸ்ட் மந்தமாக வளர்ந்தது. பாவமாக இருக்கவே, அதற்கு மட்டும் கொஞ்சம் குளுக்கோஸ். ஒவ்வொரு முறையும்.

[இவ்வளவு படித்தவள் இப்படிச் செய்வாளா என்று நண்பர் கேட்டார். படித்தது தலை. கை பேக்கரியில் வளர்ந்தது.]

"ஏம்மா பேயறஞ்சா மாதிரி நிக்கிறே?"

"அது நீலமாவாததுக்கு நான்தான் காரணம் அத்தா."

"பன்னு எதுக்கும்மா நீலமாவணும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

4

முடிவு ஒன்று: மேடமிடம் உண்மையைச் சொல்கிறாள். மேடம் அவள் நேர்மையை மெச்சி... அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சொல்லாமல் விமானம் ஏறுகிறாள். ஜெர்மனியில் பனி... இதையும் அடித்துவிட்டேன். கதை மந்தமாகிறதே என்று நானும் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். போன் அடித்தது. மேடம்.

"மாஹிரா, ஸ்லைடெல்லாம் ரெடியா?"

மாஹிரா மாவுக் கையோடு போனைக் காதில் வைத்தாள். "மேடம், அந்த ஈஸ்ட்டு..."

இந்த இடத்தில்தான் கவனித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருப்பது நான். எழுதுவது நானாக இருக்கும்வரை, நான் விடுவதைத்தான் அவள் பேசமுடியும். எனக்கோ கையை எடுக்க மனம் வரவில்லை. அவள் தோற்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பொத்தியவன் தானாக விலகமாட்டான், மூன்றாவதாக ஒருவர் வந்து இழுக்கவேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். கடையில் அப்படி யாரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

இழுங்கள். மேடம் லைனில் காத்திருக்கிறார்.