ஆயிரம் வெள்ளி மொய்

என் வாயைத் தைத்துப் போட்டிருக்க வேண்டும். நேற்று கொடுமுடிக் கல்யாணத்திலிருந்து வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் என் அத்தை மகள் லோகப்பிரியாவுக்கு. அத்தை மயிலாத்தாள் என் அப்பாவின் தங்கை. மாமா வெள்ளியங்கிரி மலேசியாவில், ஈப்போவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தொண்ணூற்றாறு மாசியில் என் கல்யாணத்துக்கு வந்தபோது, மொய் மேஜையில் ஆயிரம் ரிங்கிட்டை அங்கத்து நோட்டாகவே வைத்தார். ரிங்கிட்டை மலேசியாக்காரர்கள் வெள்ளி என்பார்கள். அன்றைக்கு ஒரு வெள்ளி பதினாலு ரூபாய். மாற்றிவந்த பதினாலாயிரத்தில்தான் அப்பா மண்டபத்துப் பாக்கியையே கட்டினார்.

எங்கள் பக்கம் மொய் என்பது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை. வந்தது திரும்பிப் போக வேண்டும். ஒரு ரூபாயாவது கூடத்தான் போக வேண்டும். இது பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எனக்கு அதற்கு மேலேயும் ஒன்று தெரிந்திருந்தது, அதுதான் வினை. கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் கிரைண்டர் மலேசியாவுக்குப் போகிறது. தினமும் காலையில் பேங்குக்குப் போன் போட்டு, வெள்ளி இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டு ஓனர் மேஜையில் எழுதி வைக்க வேண்டும். தொண்ணூற்றேழு ஆடியிலிருந்து அது சரிந்துகொண்டே வந்தது. பதின்மூன்று, பதினொன்று, பத்து. இந்தத் தையில் எட்டே முக்கால், எட்டு எண்பது. ஓனர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மட்டும் அதில் லாபம் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் லட்சுமணசாமி பதினாலாயிரத்து ஒரு ரூபாயை எடுத்து வைத்துவிட்டார். லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிச் சம்பாதித்த காசு. எனக்கு மனசு வரவில்லை.

"ஏனுங்க, மாமா குடுத்தது ஆயிரம் வெள்ளிதானுங்களே. இன்னைக்கு ஆயிரம் வெள்ளி எட்டாயிரத்தி எண்ணூறு. ஒம்பதாயிரத்தி ஒண்ணு எழுதுனா அதுவே தாராளமுங்க."

"நமக்கு வந்தது பதினாலாயிரம் புள்ள."

"அது அன்னைக்கு ரேட்டு. கம்பெனியிலயே இன்னைக்கு ரேட்டுலதான் கணக்குப் பாக்கறோம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீதான் படிச்சவ. என்னமோ செய்யி" என்று பணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஐயாயிரத்தை என் பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தேன். மகன் தீபக்குக்கு ஒரு நடைவண்டி, மீதிக்குச் சீட்டு என்று மனசுக்குள் செலவும் பண்ணிவிட்டேன்.

மண்டபத்தில் ஒன்பதாயிரத்து ஒன்று எழுதினோம். மொய் எழுதியவர் நோட்டில் பதிந்துகொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பந்தியில் உட்கார்ந்து இரண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன். வெட்கங்கெட்ட நாக்கு.

தாலி கட்டி, பந்தியெல்லாம் முடிந்தபின் தீபக்குக்குக் கை கழுவிவிடப் பின்பக்கம் போனேன். சமையலறை வாசலில் சமையல் மாஸ்டர் நின்றிருந்தார். அவர் எதிரில் அத்தை தன் கை வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அது வராததால் எச்சில் தொட்டுத் திருகினாள்.

"என்னங்கத்தை இது?"

"சமையலுக்கு மீதி குடுக்கோணுங் கண்ணு. உங்க மாமா கடையப் பாதி வெலைக்குக் குடுத்துப்போட்டு வந்தாரு. அந்தக் காசும் இங்க வந்து மாத்துனா சுருங்கிப்போச்சு. அவுரு யாருக்கு என்ன செஞ்சோம், என்ன திரும்பி வரும்னு எண்ணி வெச்சுத்தான் கல்யாணத்தையே பேசுனாரு. எங்கியோ அஞ்சாயிரம் ஒதைக்குது."

எங்கேயோ இல்லை. என் தோளில் தொங்கியது.

மாமா உள்ளே வாழைத்தாரை எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் ஐயாயிரத்தை நீட்டினேன்.

"மாமா, இத வெச்சுக்கங்க. அத்தை வளையலக் கழட்ட வேண்டாமுங்க."

"எதுக்கம்மணி இது? நீங்கதான் மொய் எழுதிப்போட்டீங்களே."

'அது குறைச்சல் மாமா, நான்தான் பிடித்துக்கொண்டேன்' என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், "கைமாத்தா இருக்கட்டுமுங்க" என்றேன்.

மாமா சிரித்தார். "கைமாத்து வேண்டாங் கண்ணு. வாங்குனா திருப்போணும். நான் திரும்பப் போயி இன்னொருத்தன் கடையில நின்னுதான் சம்பாரிக்கோணும். அங்க அறநூறு வெள்ளி சேத்துனாத்தான் இங்க அஞ்சாயிரமாகும். மொய்யின்னா வேற. அது நான் முன்னால செஞ்சது. கூசாம வாங்கிக்குவேன்."

நான் அந்த நோட்டுகளைப் பிடித்தபடியே நின்றேன். மொய்யில் வைத்திருந்தால் அது அவர் காசு. இப்போது அதே காசை அவருக்குக் கொடுக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. மறுபடி மொய் எழுதலாமென்றால், உண்மையைச் சொல்லாதவரை அதுவும் அவர் தலையில் ஏறுகிற புதுக்கடன்தான். வாசலில் வளையல் கழன்றுவிட்டது. யாரோ ஒரு பையன் அதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அடகுக்கடைக்கு வண்டியைக் கிளப்பினான்.

கிளம்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். தீபக்கின் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகினார். ஐம்பது வெள்ளி.

"ஐயோ மாமா, இப்பப் போயி எதுக்குங்க?"

"பேரன வழியனுப்ப வெறுங்கையோட வர முடியுமா? ஒண்ணு மட்டும் கேட்டுக்க கண்ணு. இத இப்ப மாத்திராத, அடிமாட்டு வெல. ரேட்டு ஏறட்டும், அப்பறமா மாத்து. நீ தெனமும் ரேட்டுப் பாக்கற புள்ள, உனக்கு நாஞ் சொல்லோணுமா?"

பஸ் ஊரைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அம்பது வெள்ளி இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"நானூத்தி நாப்பதுங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் பை கனத்தது. நான் தீபக்கின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு, ஈரோடு வரும்வரை அழுதேன்.