பார்க்காமல் வைத்த கடைசிப் பாகம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிறவளுக்கு அந்த மாதம் முழுக்க ஒரே போராட்டம். ஊரே பார்த்து முடித்துவிட்ட தொடரின் கடைசிப் பாகம் தன் காதில் விழாமல் தப்பிக்க வேண்டும். கல்லாவில் உட்காரும் அண்ணன் இருக்கிறாரே, அவர் வாயில் எதுவும் தங்காது.

"தங்கச்சி, அந்த வக்கீல் கடைசியில..." என்று அவர் ஆரம்பித்தாலே போதும், இவள் லென்ஸ் தேய்க்கும் மெஷினைத் தட்டிவிடுவாள். அது போடும் கூச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்?

"அப்படி என்னம்மா பிடிவாதம்? ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துத் தொலைக்க வேண்டியதுதானே!"

"அவ வரணும்ணே."

அவள் என்றால் வாயாடி. முன்பு இதே கடையில் ஃபிரேம் விற்றவள். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே போனில், ஆளுக்கொரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு அந்தத் தொடரைப் பார்த்தவர்கள். ஒருத்தியை விட்டுவிட்டு ஒருத்தி ஒரு காட்சிகூடப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதே வாயாடிதான். பிறகு அவளை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

"கடைசிப் பாகத்தைச் சேர்ந்தே பார்ப்போம்டி, லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான்! வேலை முடிந்து அறைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தக் காலிக் கட்டில்தான் முதலில் இவள் கண்ணில் படும். தொடரில் யார் செத்தால் என்ன, யார் பிழைத்தால் என்ன? அவள் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அவளை வரவழைக்க இருந்த ஒரே சாக்கு அந்தக் கடைசிப் பாகம்.

ஞாயிற்றுக்கிழமை வாயாடியே போன் செய்தாள். புது ஊர், புது மேனேஜர் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். எப்போது வருகிறாய் என்று கேட்க இவள் வாயெடுப்பதற்குள் அது வந்துவிட்டது.

"ஏய், அந்த வக்கீல் தன் தங்கச்சியையே காட்டிக் கொடுப்பான்னு யாருடி நினைச்சா! இங்க ரூம்ல நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து அழுதோம்."

நாலு பேராம்.

அதற்குள் வாயாடிக்குச் சட்டென்று உறைத்தது. "அய்யய்யோ... நீ பார்த்துட்டேல்ல?"

"பார்க்காம? வந்த அன்னிக்கே பார்த்துட்டேன்."

"அப்பாடா! பயந்தே போயிட்டேன். எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கியோன்னு."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு" என்று இவள் சிரித்தாள்.

வாயாடி நிம்மதியாக அடுத்த கதைக்குத் தாவினாள். அவளை வா என்று கூப்பிட இவளிடம் இனி ஒன்றும் இல்லை.