கை ஊன்றாமல்

"தாத்தா, ஒங்களுக்கு நடக்கத் தெரியாதா?"

மாடி அறையில் குடியிருந்த வீரலட்சுமியின் நாலு வயது மகள் தமிழ்செல்வி ஒருநாள் இப்படிக் கேட்டாள். கேலியில்லை, குழந்தைக்கு உண்மையாகவே சந்தேகம். திருநெல்வேலிப் பக்கமிருந்து சூளகிரிக்கு வந்த இந்த ஒரு வருஷத்தில், வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பனை அவள் நாற்காலியிலோ ஸ்கூட்டரிலோதான் பார்த்திருந்தாள்.

"நடந்து நடந்து தேஞ்ச காலு. இப்பத்தான் லீவு வுட்டிருக்கறன்" என்று அவர் சிரித்து மழுப்பினார்.

நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போனது. மீதியில் பத்து அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அன்றிலிருந்து ஓய்வுதான். வயது அறுபத்தாறு. ஏரோட்டிய மனுஷன் இனி உட்கார்ந்து சாப்பிடுவதுதான் மரியாதை என்று அங்கே நிலம் கொடுத்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள். நாற்பதடி தள்ளியிருந்த டீக்கடைக்கும் ஸ்கூட்டர். நடந்து போனால், "என்ன கோவிந்தப்பா, வண்டிய வித்துட்டியா?" என்று கேட்க ஆளிருந்தது.

உடம்பு உட்கார்ந்ததே தவிர மனசு உட்காரவில்லை. நெடுஞ்சாலையில் ஹாரன் கேட்டால் கழுத்தைத் திருப்புவார். போனை எடுப்பார், வைப்பார். நாற்காலியை நிழலுக்கு இழுப்பார், சற்று நேரத்தில் வெயிலுக்கு இழுப்பார்.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. கிளம்ப மறுத்த ஸ்கூட்டரின் பிளக்கைப் பார்க்கக் குந்தி உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. விழவில்லை, வலிக்கவில்லை. தொடை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வண்டியைப் பிடித்தார், அது அவர்மேலேயே சாயப் பார்த்தது. பெருமாளே, பெருமாளே என்று அரைமணி நேரம் மண்ணிலேயே உட்கார்ந்து கிடந்தார்.

குரல் கொடுத்தால் பத்து அறையும் எழுந்துவிடும். பெங்களூரில் இருக்கும் மகன் பிரதாப்புக்குச் சேதி போய்விடும். தாய் மாரம்மா இறந்ததிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சு: "எதுனா ஒண்ணு ஆச்சுன்னா வந்து கூட்டினு போயிடுவன்ப்பா." ஆறாவது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல். நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிய வீரலட்சுமிதான் பார்த்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். அதற்குள் ரோட்டில் கம்பெனி பஸ் வந்து நின்று, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"ஒம் பஸ்ஸு போயிடுச்சேம்மா."

"போவட்டும். சூப்பர்வைசர்ட்ட ஏச்சு வாங்குதது எனக்கென்ன புதுசா?"

"பிரதாப்புக்குச் சொல்லிடாதம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு மாசம் சொல்லமாட்டேன் பெரியப்பா. ஆனா நான் சொல்லுததச் செய்யணும். செய்யலேன்னா அன்னைக்கே போனப் போட்டுருவேன்."

அவளுடைய கம்பெனியில் ஷிப்டு தொடங்குமுன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்யவைப்பார்கள். அதில் அவருக்கு ஆகக்கூடியதை அவள் பொறுக்கி எடுத்து வந்தாள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும். மெல்ல உட்கார வேண்டும்.

"என்னாம்மா இது, தோப்புக்கரணமா?"

"அது புள்ளையாருக்கு. இது ஒங்க தொடைக்கு. எந்திரிங்க."

எண்ணுகிற வேலை தமிழ்செல்விக்கு. முதல் நாள் இரண்டு ஆனது. மூன்றாவதில் கை தானாக நாற்காலியை ஊன்றியது. "ரெண்டுதான் தாத்தா" என்றாள் குழந்தை, கண்டிப்பாக.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. பிறகு டீக்கடைக்கு நடை. கடையில் கேலி பேசவென்றே எல்லப்பன் காத்திருந்தான்.

"என்ன மாமா, வண்டிக்குப் பெட்ரோல் இல்லியா?"

"இருக்குது. என்னத் தூக்கறதுக்குத்தான் ஆளு இல்ல."

எல்லா நாளும் ஒழுங்காகச் செய்தார் என்று சொல்ல முடியாது. தொடை எரிந்த நாட்களில் டிமிக்கி கொடுத்தார். ஆனால் அன்றைக்கு உட்காரவே முடியாது. பிரதாப் வந்து நிற்பது போலவே இருக்கும். சாயங்காலம் தானாக எழுந்து, விட்டதையும் சேர்த்துச் செய்வார்.

யுகாதிக்குப் பிரதாப் வந்தான். ஒப்பந்த மாசம் முடிய இரண்டு நாள் இருந்தது. வீரலட்சுமி வாய் திறக்கமாட்டாள். ஆனால் நல்லவள் ஒருத்தியைத் தன் பயத்துக்காக மறைக்கவைப்பது கோவிந்தப்பனுக்கு உறுத்தியது. சாப்பாடு ஆனதும் அவரே சொல்லிவிட்டார்.

பிரதாப்பின் முகம் சிறுத்தது. "ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா கூட்டினு போயிடுவ."

"இப்ப மட்டும் வுட்டுடுவனா?"

கோவிந்தப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு எழுந்தார். உட்கார்ந்தார். எட்டாவதில் முழங்கால் நடுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டு முடித்தார்.

பிரதாப் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து பார்த்தான். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்காருகிற பிழைப்பு. ஒன்பதாவதில் மூச்சு வாங்கியது.

"கஷ்டமாத்தான் இருக்குது" என்றான். "சரி, இங்கியே இரு. ஆனா தெனமும் காலைல போன் பண்ணி எத்தினின்னு சொல்லணும். பொய் சொன்னா தெரிஞ்சிடும்."

சித்திரை வெயிலில் ஒருநாள் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவதாகச் சொன்னான். மாடித் தொட்டியில் சொட்டுத் தண்ணீரில்லை. எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்துவிட்டு மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் வருகிற வீரலட்சுமி, குடம் குடமாக மாடியேற்ற வேண்டியிருக்கும். அவள் புருஷன் சுடலைமுத்துவுக்கு அன்று டபுள் ஷிப்டு. குழந்தை பால்வாடியில். மற்ற அறைகளிலும் ஆளில்லை.

கோவிந்தப்பன் பின்பக்கம் இருந்த பஞ்சாயத்துக் குழாயில் அரைக்குடம் பிடித்தார். ஒரு கை சுவரில், ஒரு கை குடத்தில். பதினெட்டுப் படி. அந்தப் படிகளில் அவர் ஏறி மூன்று வருஷமாகிறது. வீரலட்சுமியின் கதவோரம் இருந்த டிரம்மில் ஊற்றினார். அடியில் கொஞ்சமாகத் தேங்கியது. இறங்கினார். மூன்றாவது நடைக்குப் பிறகு படியில் உட்கார்ந்து நெஞ்சு அடங்கும்வரை பெருமாளைக் கூப்பிட்டார். மறுபடி எழுந்தார்.

பதினோராவது நடையில் டிரம் நிறைந்தது. மூடியைப் பொருத்தினார். சிந்திய ஈரத்தைத் துண்டால் ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு, பஸ் வருமுன் இறங்கினார்.