ஏழாவது மீனவர்

காலை எட்டு மணிக்கு, ஈரத்தலையோடு கேட்டைத் திறந்த கிறிஸ்டினா, வெளியே மீன் விற்கும் காந்தா நிற்பதைப் பார்த்துத் திகைத்தாள். கையில் மீன்கூடை இல்லை. கோவளத்துக்குத் தெற்கே இருக்கிற குப்பத்திலிருந்து சிட்லபாக்கம் வர இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்கு முன்பே கிளம்பியிருக்கிறாள்.

"இன்னாமா எழுதி வெச்ச? எங்கூட்டுக்காரர ரெண்டு நாளா ஸ்டேஷன்ல உக்கார வெச்சுகினு கீறாங்க. கார்டையும் புடுங்கிக்கினாங்க."

தன் ஆய்வறிக்கையின் எந்தப் பக்கம் என்று கிறிஸ்டினாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. நூற்றுப் பதினான்காம் பக்கம்.

கடல் வழியாக வரும் பயங்கரவாதம் எப்படி மாறிக்கொண்டே போகிறது, அரசு அதை எப்படித் தடுக்கப் பார்க்கிறது என்பதுதான் காட்டாங்குளத்தூர் பல்கலைக்கழகத்தில் அவள் நான்கு வருடமாகச் செய்த ஆராய்ச்சி. துப்பாக்கியோடு ஆள் இறங்கிய காலம் போய், ஆளே இல்லாத படகுகளைப் பற்றி அதிகாரிகள் பேசத் தொடங்கியிருந்தார்கள். மீனவர்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, படகுக்கு நிறம் அடிக்கச் சொல்லி, நீங்கள்தான் எங்கள் கண்ணும் காதும் என்றார்கள். அந்தக் கண்கள் என்ன பார்த்தன என்று கேட்கப் போனவள் கிறிஸ்டினா ஒருத்திதான். இருபத்திரண்டு பேரிடம் பேசினாள். யார் பெயரையும் எழுதவில்லை, எண் மட்டும். காந்தாவின் கணவர் பாலகுரு ஏழாம் எண்.

ஆறு வருடத்துக்கு முன் விளக்கில்லாமல் நின்ற ஒரு படகைப் பார்த்து பாலகுரு போலீசுக்குப் போன் செய்தார். படகு அகப்படவில்லை. அங்கே உனக்கென்ன வேலை என்று மூன்று நாள் அவரையே விசாரித்தார்கள். போன மாசியில் இன்னொரு படகு. "பாத்தேன், திரும்பி வந்துட்டேன். சொன்னா நம்மளத்தான் புடிப்பாங்க" என்று வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் அவள் தன் கடைசி அத்தியாயத்தையே கட்டினாள். அந்த மூன்று நாள் விசாரணையையும் சேர்த்து, தகவல் சொல்பவனைச் சந்தேகித்தால் கரை ஊமையாகிவிடும் என்று எழுதினாள். டெல்லிக் கருத்தரங்கில் கைதட்டினார்கள். முன்பு தகவல் கொடுத்து மூன்று நாள் விசாரிக்கப்பட்டவர் அந்தக் கரையில் ஒரே ஒருவர்தான் என்பது எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

இருவரும் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வழியெல்லாம் காந்தா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கிறிஸ்டினாவுக்கு.

இன்ஸ்பெக்டர் தனசேகரின் மேஜையில் அவளுடைய அறிக்கை, பென்சில் அடிக்கோடுகளோடு கிடந்தது. சுவரோர பெஞ்சில் பாலகுரு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மேடம். நான் முழுசாப் படிச்சேன்" என்றார் தனசேகர். குரலில் கேலி இல்லை. "எங்க தப்பையும் எழுதியிருக்கீங்க, ஒத்துக்கறேன். ஆனா மாசியில வந்த அந்தப் படகுல யார் இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ராத்திரி தூக்கம் வரல. இவரு நான் எதையும் பாக்கலங்கிறாரு. அந்தப் பேட்டி ரெக்கார்டிங் குடுங்க."

பேர் வராது அண்ணா, என்னை நம்புங்க என்று அவள் சொன்னதும், பாலகுரு சிரித்துத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. கைப்பைக்குள் போன் கனத்தது. ஒலிப்பதிவு அதில்தான் இருந்தது.

"அது இவர் இல்ல சார்" என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"அப்போ யாரு?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இதே கரைதானே? சரி. இருபத்திரண்டு பேர் லிஸ்ட் குடுங்க. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்."

அவள் காந்தாவைப் பார்த்தாள். காந்தா தரையைப் பார்த்தாள். அந்த இருபத்திரண்டு பேரில் காந்தாவின் தம்பியும் உண்டு. ஒரு பொய் இத்தனை வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று கிறிஸ்டினா நினைக்கவில்லை. அது வேண்டாம் சார் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நான்தான் சார்" என்றார் பாலகுரு.

"யோவ், கம்முனு கெட!" என்று காந்தா அலறினாள்.

"வுடு காந்தா. ஒருத்தன் பேஜார் பத்தாதா, ஊருக்கே ஆவணுமா?" அவர் தனசேகர் பக்கம் திரும்பினார். "நான்தான் பாத்தேன். எழுதிக்கோ சார்."

தனசேகர் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. பிறகு எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பெரிய கடல் வரைபடத்தின் முன்னால் போய் நின்றார்.

"எங்கன்னு காட்டுங்க."

பாலகுரு அந்த வரைபடத்தை மேலும் கீழும் பார்த்தார். அதிலிருந்த எண்களும் கோடுகளும் அவருக்குப் பிடிபடவில்லை. மெதுவாக வரைபடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டார். வலது கையை நீட்டி, "இங்க லைட்டவுசு" என்றார். இடது கையை நீட்டி, "இங்க கல்பாக்கம் பொகைக் கொழா." இரண்டு கைகளையும் காற்றில் மெல்ல மெல்ல நகர்த்தி, அந்தக் கரை அடையாளங்களை வைத்துக் கடலில் தான் நின்ற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் எல்லோரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள்.